புறப்படும் நாளில் மறந்துபோகும் மாத்திரைகள்

பூதலூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கோடைப் பயணத்துக்கென்று ஒரு குறுகிய காலம் வாய்த்திருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்திருக்கும். பள்ளிகள் மூடியிருக்கும். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12 நெருங்கிவிட்டால், ஆற்று நீரை நம்பியவர்கள் வயலை விட்டு நகர முடியாது. இடைப்பட்ட சில வாரங்களில் சென்னையிலிருந்து மகன், கோவையிலிருந்து மகள், சம்பந்தி வீட்டார், பேரக்குழந்தைகள் என்று பதினான்கு பேர் ஒரே வீட்டில் கூடி, ஒரு வேனில் கொடைக்கானலுக்கோ இராமேசுவரத்துக்கோ புறப்படுகிறார்கள்.

அவர்களுள் சிலர் திரும்பிய பிறகு எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார்கள். சர்க்கரை கூடியிருக்கும், அல்லது இரத்த அழுத்தம் எகிறியிருக்கும், அல்லது கால்கள் வீங்கியிருக்கும். விசாரித்தால், மாத்திரைப் பை வீட்டு அலமாரியிலேயே இருந்துவிட்டது என்பார்கள். கவனித்துப் பார்த்தால், மருந்தை மறந்தவர் பெரும்பாலும் மற்ற அனைவருக்கும் பை கட்டியவராகவே இருக்கிறார்.

முன்னிரவை எண்ணிப் பாருங்கள். பத்து மணிக்குமேல் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் கொதிக்கிறது. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டியாகிறது. பேரனின் இருமல் மருந்து, மாமனாரின் மூக்குக்கண்ணாடி, மருமகளின் கைப்பேசிச் சார்ஜர் எல்லாம் நினைவாக எடுத்து வைக்கப்படுகின்றன. அதிகாலை நான்கு மணிக்கு வேன் வாசலில் நிற்கும்போது, குளித்தும் குளிக்காமலும் அந்த அம்மாள் வந்து ஏறுகிறார். இராகுகாலத்துக்கு முன் தெருமுனையைத் தாண்ட வேண்டுமென்று வீட்டுப் பெரியவர் அவசரப்படுத்துகிறார். அந்த அம்மாளுடைய மாத்திரை டப்பா அடுக்களை மேடையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுத்தீர்களா என்று அவரிடம் கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

ஆகவே, துணிகளை எடுத்து வைப்பதற்கு முன்பே மருந்துப் பையைக் கட்டிவிட வேண்டும். கட்டும் பொறுப்பு, சமையலில் இல்லாத ஒருவருடையதாக இருக்கட்டும். கல்லூரி படிக்கும் பேத்தி இதற்கு மிகவும் பொருத்தமானவர். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதும்போது பாட்டியின் பெயரும் அம்மாவின் பெயரும் பட்டியலில் வந்துவிடும். நல்ல நேரம் பார்த்து ஒரு பையை முதல் நாளே அண்டை வீட்டில் வைக்கும் பரஸ்தான வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. வைப்பதை நான் தடுக்கவில்லை; அந்தப் பையில் மட்டும் மருந்து வேண்டாம். அன்றிரவுக்குரிய மாத்திரை அடுத்த வீட்டில் பூட்டிக் கிடக்கும்.

அதிகாலைப் புறப்பாட்டில் மற்றோர் ஆபத்து உண்டு. நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். தினமும் காலை ஏழரை மணிக்கு இன்சுலின் போட்டு எட்டு மணிக்கு உண்பவர், "வழியில் முடியாது" என்று மூன்றரை மணிக்கே ஊசியைப் போட்டுக்கொள்கிறார். வேன் திருச்சியைத் தாண்டி, திண்டுக்கல் சாலையில் நல்ல நிழல் தேடி நின்று, பொட்டலங்கள் பிரிக்கப்படும்போது மணி எட்டரை ஆகிறது. இதற்குள் அவருடைய சர்க்கரை தாழ்ந்துவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இதே நிலைதான். மெட்பார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு இந்த அச்சம் மிகக் குறைவு.

தாழ் சர்க்கரையின் அடையாளங்கள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, எரிச்சலான பேச்சு ஆகியன. பிறகு பேச்சு குழறும். ஓடும் வேனில் இவற்றைப் "பித்தம்", "தூக்கக் களைப்பு" என்று சொல்லி ஜன்னலோரம் படுக்க வைத்துவிடுகிறார்கள். உறங்குகிறார் என்று எண்ணப்பட்டவர் மயக்கத்தில் இருக்கக்கூடும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கும் கருவி இல்லாமல் ஐயம் மட்டுமே இருந்தாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கச் செய்யுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்த பிறகு இரண்டு இட்லியாவது உண்ண வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழையுங்கள். உணவு வேளைக்கான இன்சுலினைப் பொறுத்தவரை விதி எளியது: உணவு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போக வேண்டும். நாள் முழுதும் வேலை செய்யும் நீண்டகால இன்சுலினை வழக்கமான நேரத்திலேயே போடலாம். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், புறப்படுவதற்கு முன்பு எங்களிடம் கேளுங்கள்.

இன்சுலின் வெயிலில் கெடும், உறைந்தாலும் கெடும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பி, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். ஆனால் மே மாத வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 30 டிகிரி என்பது கனவு. வாய் அகன்ற தெர்மாஸ் குடுவையில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, குப்பியை நனையாத உறையில் இட்டு வைக்கலாம். பனிக்கட்டியின் மேல் நேரே வைக்கக்கூடாது. தங்கும் விடுதியில் குளிர்பெட்டியின் மேலறையில் வைத்து உறைந்துபோன மருந்தை உருக்கிப் போடுவதும் தவறு.

பெண்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். வழியில் கழிப்பறை சரியாக இருக்காது என்று முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறீர்கள். இதய நோயாளிகள் அதே காரணத்துக்காக நீர் மாத்திரையை நான்கு நாளும் விட்டுவிடுகிறார்கள். முன்னது சிறுநீர்த் தொற்றையும் தலைச்சுற்றலையும் தரும். பின்னதால் நுரையீரலில் நீர் கோத்து, நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு ஊர் பெயர் தெரியாத மருத்துவமனையைத் தேட நேரும். நீர் மாத்திரையை ஊர் சேர்ந்த பின் சில மணி நேரம் தாமதித்து எடுப்பது பலருக்கு ஒத்துவரும். அதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். உரிமை உங்களுடையது, வேனை நிறுத்தச் சொல்லுங்கள்.

இரயிலில் செல்வோருக்கு வேறு சிக்கல். இணையவழி முன்பதிவில் ஒரு சீட்டில் 6 பேர்தான். பதினான்கு பேர் என்றால் மூன்று சீட்டு, பெட்டிகளும் சிதறக்கூடும். பூதலூர் நிலையத்தில் வண்டி நிற்பதோ சொற்ப நேரம். "பதினொன்று, பன்னிரண்டு" என்று பைகளை எண்ணி ஏற்றும் பரபரப்பில் தாத்தாவின் மருந்து ஒரு பெட்டியிலும் தாத்தா மற்றொன்றிலும் ஏறிவிடுகிறார்கள். பயண நாளுக்குரிய மருந்து அவரவர் மடியில் இருப்பது நல்லது. ஓடும் வண்டியில் உடல்நலம் குன்றினால் 139-இல் உதவி கேட்கலாம்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். "வெள்ளையாக, சின்னதாக இருக்கும்" என்பதை வைத்து வெளியூர் மருத்துவரால் எதையும் அறிய முடியாது. பெயரும் காலாவதி நாளும் உள்ள பகுதி வரை அட்டையை வைத்திருங்கள். மருந்துச்சீட்டின் படம் இரண்டு பேரின் கைப்பேசியிலாவது இருக்கட்டும். வலிப்பு நோய் உள்ளவருக்கு ஒரு வேளை மருந்து தவறுவதும் ஓர் இரவு உறக்கம் கெடுவதும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். முன்னிரவு வேலைகளிலிருந்து அவரை விடுவித்து உறங்க அனுப்புங்கள். மெட்டோபுரோலால், அட்டினலால், குளோனிடின், நெடுநாள் உண்ணும் ஸ்டீராய்டு ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. ஆஸ்துமா உள்ளவர் மலையூர்க் குளிருக்கு இன்ஹேலரைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் புரோமெதசின் மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக்கூடாது.

அரசு மருத்துவமனையிலோ, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ மாதந்தோறும் மாத்திரை பெறுகிறவர்கள், பயண நாள்களுக்கு நடுவே இருப்பு தீர்ந்துவிடுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தீருமென்றால் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாரடைப்பு, பக்கவாதம், பெரிய அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் மூன்று மாதம் நிறைவடையாதவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோர் வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வந்து கலந்து பேசுங்கள். வரும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள்.