காலுக்குத்தான் லீவு... இதயத்துக்கு இல்லை!

விடிகாலை ஐந்தரை மணி. மணவாளக்குறிச்சி கடற்கரை. கறுப்பும் சிவப்புமாய் மின்னும் கனிம மணலில், மண்டைக்காட்டைப் பார்த்து ஓடுகிறீர்கள். மூன்று மாதப் பழக்கம். சர்க்கரை கட்டுக்குள் வந்தாச்சு, பேண்ட் இடுப்பில் லூசாகிவிட்டது. அப்போதுதான் ஒருநாள் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் 'சுரீர்'!

டாக்டர், "ஆறு வாரம் ஓடக்கூடாது" என்கிறார். வீட்டிலோ, "அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? பேசாம கட்டில்ல கிடங்க" என்கிறார்கள்.

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். வீட்டில் சொன்னதைக் கேட்காதீர்கள்!

முதலில், ஏன் வலி வந்தது? கடற்கரை சரிவானது. மண்டைக்காட்டை நோக்கி ஓடும்போது கடல் உங்கள் இடது கைப் பக்கம். இடது கால் தாழ்வில், வலது கால் மேட்டில். திரும்பி வரும்போது அப்படியே நேர்மாறு. போதாததற்கு, இளகிய மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நரம்பும் இழுபடுகின்றன.

வலியோடு ஓடினால் என்ன ஆகும்? பய்யோளி கடற்கரையில் ஓடிப் பழகிய பி.டி. உஷாவே, 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் குதிகால் காயத்தோடு ஓடி, முதல் சுற்றிலேயே வெளியேறினார். காயம் ஆறியதும், 1989-ல் டெல்லியில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் நான்கு தங்கம்!

சரி, படுத்தே கிடந்தால்? இரண்டு மூன்று வாரத்திலேயே உடம்பு பின்வாங்க ஆரம்பித்துவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தமும் குறைகிறது. பழைய மாடிப்படியே மலை மாதிரி தெரியும். சர்க்கரைக்காரர்களுக்கு அளவும் எகிறும்.

நல்ல செய்தி என்ன தெரியுமா? இதயத்துக்குக் கண் கிடையாது! நீங்கள் ஓடுகிறீர்களா, சைக்கிள் மிதிக்கிறீர்களா என்று அது பார்ப்பதில்லை. வேலை கிடைத்தால் போதும்.

அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட்டுக்கு 1984 ஏப்ரல் 25-ல் முழங்காலில் ஆபரேஷன். கால் ஆறும் வரை, கைகளால் மிதியைச் சுற்றி சைக்கிள் பயிற்சி செய்தார். 17 நாள் கழித்து ஒலிம்பிக்ஸ் தகுதி மாரத்தானில் ஜெயித்தார். ஆகஸ்ட் 5-ல், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் தங்கம்! அவர் அவசரத்தை நாம் காப்பியடிக்க வேண்டாம். யுக்தியை எடுத்துக்கொள்வோம்.

சைக்கிள்: முதல் வாரம் பழைய சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, முற்றத்திலேயே மிதியுங்கள். (சக்கரத்தின் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.) மிதி கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். குதிகால் வலிக்காரர்கள் நடுப்பாதத்தால் மிதிக்கணும். வலி இல்லையென்றால், அப்புறம் மேடில்லாத ரோடு.

தண்ணீர்: கழுத்தளவு தண்ணீரில் காலில் இறங்கும் பாரம், உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதில் நின்ற இடத்திலேயே ஓடுவது போல் கை கால்களை அசையுங்கள். நீச்சல் குளமோ, சுத்தமான ஊர்க்குளமோ போதும். நீந்தத் தெரிந்திருக்கணும், கூட ஒரு ஆள் வேண்டும். கடல் வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கரையில் அலை பொல்லாதது!

நாற்காலி: உட்கார்ந்தபடி காற்றில் குத்துச்சண்டை போடுங்கள். இரண்டு நிமிடம் குத்து, ஒரு நிமிடம் ஓய்வு. பத்து முறை செய்து பாருங்கள், வியர்த்துக் கொட்டும்! காலே ஊன்ற முடியாதவர்களுக்கும் ஏற்றது.

எவ்வளவு வேகம்? பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் கணக்கு. தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் வலி, ராத்திரியிலும் வலி, வீக்கம், கால் ஊன்ற முடியாமை... இவற்றில் ஒன்று இருந்தாலும் சைக்கிளும் வேண்டாம். நாகர்கோவிலிலோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எலும்பு டாக்டரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழைக் கீறல் இருந்தால், முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். 'எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு' என்று ஓடிவிடாதீர்கள்!

மறுபடி எப்போது ஓடலாம்? டாக்டர் சரி சொன்ன பிறகு, 30 நிமிடம் வேகமாக நடந்து பாருங்கள். மறுநாள் காலையிலும் வலி இல்லையா? ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். முதலில் சமமான ரோட்டில், ஷூ போட்டு. கடற்கரை கடைசியில்தான்.

கடல் எங்கேயும் போய்விடாது. ஆறு வாரம் கழித்து நீங்கள் போகும்போதும் அங்கேயேதான் இருக்கும். அதுவரைக்கும் முற்றத்தில் சைக்கிள் சக்கரம் சுற்றட்டுமே!