பலகைக் கணினியுடன் மின்னணுச் சுற்றுகளை இணைத்தல்

டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியின் யூ.எஸ்.பி வாயில் வழியாக நுண்கட்டுப்படுத்திப் பலகைகள், உணரிகள், மின்னோடிகள் முதலியவற்றை இயக்குவது பொழுதுபோக்கு மின்னணுவியலில் கையாளப்படும் முறைகளுள் ஒன்று ஆகும். தொடுதிரை, மின்கலம், கம்பியில்லா இணைப்பு ஆகியவை ஒரே கருவியில் அமைந்திருப்பதால் வெப்பநிலைப் பதிவி, சிறு எந்திரன் போன்றவற்றுக்குத் தனித் திரை தேவைப்படுவதில்லை. ஆயினும், ஆர்டுயினோ பலகையைச் சாதாரண வடத்தால் இணைத்ததும் எதுவும் நிகழாததைக் கண்டு, பலகை பழுதடைந்துவிட்டது என்று கருதுவோர் உண்டு. காரணம் பெரும்பாலும் வடத்தில்தான் இருக்கும்.

தலைமைக் கருவியும் சார்புக் கருவியும்

யூ.எஸ்.பி இணைப்பின் இரு முனைகளும் சமமானவை அல்ல. தரவுப் பரிமாற்றத்தைத் தொடங்கும் உரிமை தலைமைக் கருவிக்கே உண்டு. சார்புக் கருவி கேட்டால் மட்டுமே விடையளிக்கும். கணினியுடன் இணைக்கப்படும்போது பலகைக் கணினி சார்புக் கருவியாக நடந்துகொள்கிறது. ஆர்டுயினோ ஊனோவும் சார்புக் கருவியே. எனவே இவ்விரண்டையும் நேரடியாக இணைத்தால், ஒவ்வொன்றும் மற்றது பேசட்டும் என்று காத்திருக்கும்.

இதற்குத் தீர்வாக 2001 இல் யூ.எஸ்.பி ஆன்-த-கோ என்னும் துணைத்தரம் வெளியிடப்பட்டது. மைக்ரோ யூ.எஸ்.பி செருகியில் ஐந்து முனைகள் உள்ளன. ஆன்-த-கோ வடத்தில் அடையாள முனை தரைமுனையுடன் இணைக்கப்பட்டிருக்கும். சாதாரண வடத்தில் அது இணைக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். தரையிணைப்பைக் கண்டறியும் பலகைக் கணினி தலைமைக் கருவியாக மாறி, 5 வோல்ட்டு மின்னழுத்தத்தை வெளியே தருகிறது.

டைப்-சி செருகியில் இந்த அடையாள முனை இல்லை. சார்புக் கருவி தன்னிடமுள்ள 5.1 கிலோ ஓம் மின்தடையங்களால் தன்னை அறிவித்துக் கொள்கிறது. சில மலிவுப் பலகைகளில் இவை விடுபட்டிருப்பதால், இருபுறமும் டைப்-சி உள்ள வடத்தில் அவற்றுக்கு மின்சாரமே கிடைப்பதில்லை.

ஆண்ட்ராய்டு இயக்குதளம்

2011 மே மாதம் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.1 இரு வழிகளைத் திறந்தது. முதலாவதில் பலகைக் கணினி தலைமை ஏற்கும். ஆர்டுயினோ வகைப் பலகைகளில் காணப்படும் சி.எச்.340 போன்ற தொடர்நிலைச் சில்லுகளுடன், பயனரின் அனுமதி பெற்ற செயலி நேரடியாகப் பேசலாம். இயக்குதளத்தை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, துணைக்கருவி முறை. இதில் நிலை தலைகீழாகும்: வெளிப் பலகையே தலைமை ஏற்று, 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை பலகைக் கணினிக்கு வழங்க வேண்டும். கூகுள் இதற்கென ஆர்டுயினோ மெகா 2560 ஐ அடிப்படையாகக் கொண்ட ஒரு பலகையை அவ்வாண்டே அறிமுகப்படுத்தியது. யிதாய் பென்-ட்ஸ்வி வடிவமைத்த ஐ.ஓ.ஐ.ஓ பலகையும் 2011 இல் வெளிவந்ததே. அதன் பெயர் "யோயோ" என்று ஒலிக்கப்படுகிறது.

மின்வழங்கல்

இணைப்புகள் தடுமாறுவதற்கு மின்வழங்கலும் ஒரு முக்கியக் காரணம். ஆன்-த-கோ தரம் கட்டாயமாக்குவது 8 மில்லி ஆம்பியர் மட்டுமே. நடைமுறையில் கருவிகள் இதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. எனினும் ஒரு சிறு செர்வோ மின்னோடி தடைபட்டு நிற்கும்போது பல நூறு மில்லி ஆம்பியரை இழுக்கக்கூடும். அப்போது மின்னழுத்தம் சரிந்து நுண்கட்டுப்படுத்தி மீளத்தொடங்கும், அல்லது பலகைக் கணினி வாயிலை அணைத்துவிடும். ஆகவே மின்னோடிகளுக்குத் தனி மின்மூலம் வேண்டும். தரைமுனைகள் மட்டும் பொதுவாக இணைக்கப்பட வேண்டும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சில்லின் உள்ளீட்டில் 5 வோல்ட்டுச் சமிக்ஞையை நேரடியாகக் கொடுத்தால் சில்லு சேதமடையலாம். இரு மின்தடையங்களாலான மின்னழுத்தப் பகுப்பி இதற்குப் போதும்.

புளூடூத் இணைப்பு

பழைய பலகைக் கணினிகள் பல, தலைமைக் கருவியாக இயங்கும்போது மின்னேற்றம் பெறுவதில்லை. சுவரில் நிலையாகப் பொருத்தும் திட்டங்களுக்கு இது பெரிய இடர். அங்கே எச்.சி-05 போன்ற புளூடூத் கூறு பொருந்தும். இக்கூறு ஐபேடுடன் இயங்காது. ஐபேடுக்குக் குறைந்த ஆற்றல் புளூடூத் கூறு தேவை. கம்பித் தொடர்பே இல்லாததால் சுற்றில் நேரும் தவறு பலகைக் கணினியைத் தாக்காது என்பதால், தொடக்கநிலை மாணவர்களுக்கு இம்முறையே ஏற்றது.