இரட்டை எழுத்து காசுக்கு 3 லட்சமா?
மந்தாரக்குப்பம் கடை வீதியில் வெளுத்தது சாயம்!

மந்தாரக்குப்பம்–

கடலூர்–விருத்தாசலம் சாலை. வேலை விட்டு ஆட்கள் வரும் நேரம். மளிகைக் கடை ஒன்றில் நல்ல கூட்டம்.

ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அண்ணாச்சி! அவசரமா ரெண்டாயிரத்து ஐநூறு வேணும். மூணு நாள்ல திருப்பிக் கொடுத்துடறேன்."

"எதுக்குப்பா இவ்வளவு அவசரம்?"

அவர் உள்ளங்கையை விரித்தார். ஒரு 5 ரூபாய் காசு! அதில் '5' என்ற எழுத்தை ஒட்டி, நிழல் மாதிரி இன்னொரு 5 தெரிந்தது.

"இரட்டை அச்சு காசாம். மூணு லட்சம் தர்றாங்களாம். போட்டோ அனுப்பினேன். பதிவுக் கட்டணம் மட்டும் முதல்ல கட்டணும்னு போன்ல சொன்னாங்க."

பருப்பு வாங்கிக் கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஓய்வு பெற்ற குமாஸ்தா. பல வருஷமாக காசு சேர்ப்பவர்.

"அண்ணாச்சி, பணத்தை எடுக்காதீங்க. தம்பி, நீ கொஞ்சம் உட்காரு" என்றார். கடைப் பையனை வீட்டுக்கு அனுப்பி, பூதக்கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.

இரட்டை பிறப்பது எப்படி?

இரட்டை அச்சு என்பது கட்டுக்கதை அல்ல. நிஜமாகவே உண்டு. ஆனால் அது பிறக்கும் இடம் வேறு.

காசு அடிக்க எஃகு அச்சு வேண்டும். அந்த அச்சைத் தயாரிக்க ஒரு தாய் அச்சு இருக்கிறது. தாய் அச்சை எஃகுத் துண்டின் மீது வைத்து பயங்கர பலத்தோடு அழுத்துவார்கள். ஒரே அழுத்தில் படம் முழுசாக விழாது. எஃகு இறுகிப் போகும். அதை உலையில் காய்ச்சி, இளக்கி, மறுபடியும் அழுத்த வேண்டும். பழைய முறை இதுதான்.

இரண்டாவது தடவை அழுத்தும்போது மயிரிழை திரும்பி விட்டால் போச்சு! எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாக அச்சிலேயே பதிந்து விடும். பிறகு அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில் இருக்கும்.

அமெரிக்காவில் நடந்த கூத்து

இதில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் 1955-ம் வருஷத்து ஒரு சென்ட் காசு. பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்தது. தலைப் பக்கத்தில் வருஷமும் வாசகமும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்.

தப்பு தெரிய வந்தபோது, அவை நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தன. மொத்தத்தையும் உருக்க மனமில்லாமல் வெளியே விட்டு விட்டார்கள். சுமார் 20 ஆயிரம் முதல் 24 ஆயிரம் வரை புழக்கத்துக்குப் போனதாகக் கணக்கு. அப்போது இயந்திரத்தில் சிகரெட் பாக்கெட் விலை 23 சென்ட். 25 சென்ட் போட்டால், மீதி 2 சென்ட் பாக்கெட் உறைக்குள்ளேயே இருக்கும். அப்படியும் பலர் கைக்கு இந்தக் காசு வந்து சேர்ந்தது!

தேய்ந்த காசே இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. அதனால் போலிகளும் ஏராளம்.

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயச் சாலை ஒரே அழுத்தில் அச்சு தயாரிக்கும் முறைக்கு மாறியது. அதற்குப் பிறகும் சிறு சிறு இரட்டைகள் வரத்தான் செய்கின்றன.

கண்டுபிடிப்பது எப்படி?

பூதக்கண்ணாடி வந்தது. பெரியவர் காசை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"இங்கே பாரு தம்பி. உண்மையான இரட்டைன்னா எழுத்து தடிச்சுப் போயிருக்கும். ரெண்டாவது எழுத்தும் உருண்டையா, முதல் எழுத்து மாதிரியே எழும்பி நிக்கும். முனையெல்லாம் பாம்பு நாக்கு மாதிரி பிளந்திருக்கும்."

"இதுல?"

"இதுல நிழல் தட்டையா, படிக்கட்டு மாதிரி தாழ்ந்து கிடக்கு. எழுத்தோட ஓரத்தையே தேய்ச்சுத் தின்னுருக்கு. எழுத்து மெலிஞ்சு போச்சு. இது இயந்திர உதறல்!"

அதாவது, அச்சில் கோளாறு இல்லை. காசு அடிக்கும் நேரத்தில் அச்சு கொஞ்சம் ஆடி, அடித்த எழுத்தை இழுத்து விட்டது. உலகம் முழுவதும் கண்ணில் படும் இரட்டைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். சேகரிப்பவர்கள் இதற்குத் தனி விலை தருவதில்லை. தேய்ந்த அச்சில் அடித்த காசிலும் எழுத்து மங்கி, இரண்டு போல மயக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. உண்மையான இரட்டை என்றால், அதே அச்சில் அடித்த வேறு காசிலும் அதே அடையாளம் இருந்தாக வேண்டும்.

வருஷத்துக்குக் கீழே உள்ள குறியைப் பார்த்தும் பலர் மயங்குகிறார்கள். அது ஊர்க்குறி. நட்சத்திரம் என்றால் ஐதராபாத். வைரம் என்றால் மும்பை. புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லை என்றால் கொல்கத்தா. அவ்வளவுதான், அதிசயம் ஒன்றும் இல்லை.

சந்தேகக் காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. நிஜமான அபூர்வக் காசாக இருந்தாலும், தேய்த்தால் மதிப்பு போய்விடும்.

உஷார்!

காசை விற்க வருகிறவனிடமே முன்பணம் கேட்டால், அது வியாபாரம் அல்ல, மோசடி! ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கட்டணம், கமிஷன், வரி என்று கறந்த பலே ஆசாமிகள் உண்டு. பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அதற்காகக் கட்டணம் வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்து விட்டது. பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

தொழிலாளியின் முகம் வாடிப் போயிற்று. "பொண்ணு காலேஜ் பீஸுக்கு ஆகும்னு நினைச்சேன், ஐயா" என்றார்.

"மூணு லட்சம் வரலைன்னு நினைக்காதே. ரெண்டாயிரத்து ஐநூறு கடன் ஏறலைன்னு நினை" என்றார் பெரியவர்.

"சரி, இந்தக் காசை என்ன பண்றது?"

"அஞ்சு ரூபாய்தானே! செலவு பண்ணு."

காசு அண்ணாச்சியின் கல்லாவில் விழுந்தது. ஐந்து கடலை மிட்டாயை மடித்து வாங்கிக் கொண்டு, அவர் விருத்தாசலம் பஸ்சில் ஏறினார்.