கொரியாவில் 70 பேர்... அமெரிக்காவில் 40-க்கும் கீழே! இரைப்பைப் புற்றுநோயில் ஏன் இந்த வித்தியாசம்?

தென் கொரியாவில் 40 வயதைத் தொட்டுவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பையைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி அரசே அழைக்கும். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குபவர்கூடப் போய் எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் இப்படி எல்லோருக்குமான பரிசோதனை கிடையாது. எடை குறைந்து, சாப்பாடு இறங்காமல் போன பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரியவருகிறது.

இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் 5 ஆண்டுகள் கடந்தும் உயிரோடு இருப்பவர்கள், தென் கொரியாவில் 100-க்கு 70 பேருக்கும் மேல். அமெரிக்காவில் 40 பேர்கூட இல்லை.

கொரியர்களின் உடம்பு அவ்வளவு கெட்டியா என்றால், இல்லை. இந்த நோய் அதிகம் தாக்குவதே கொரியா, ஜப்பான் பக்கம்தான். அதனால்தான் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். கட்டி உள்சவ்வோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே அகற்றிவிடலாம்.

நோய் வரும் இடமும் வேறு. கிழக்காசியர்களுக்குப் பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வருகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், உப்பில் ஊறிய உணவும் முக்கியக் காரணங்கள். மேற்கத்தியர்களுக்கோ உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் மேல்பகுதியில் வருவது அதிகம். அதற்கு உடல் பருமனும், ஓயாத எதுக்களிப்பும் காரணம். மேல்பகுதியில் வந்தால் அறுவை சிகிச்சையும் கடினம்.

அந்தக் கிருமியின் கதை சுவாரஸ்யமானது. ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-ல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். அதே கிருமிதான் என்றாலும், கிழக்காசியாவில் பரவியுள்ள வகை சற்று முரட்டுத்தனமானது.

அப்படியானால் எல்லாம் பரம்பரையா? ஹவாய்க்குக் குடிபெயர்ந்த ஜப்பானியர்களின் பிள்ளைகளுக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்ததால், இந்த நோய் குறைந்தது. ரத்தம் மாறவில்லை, சாப்பாடும் சூழலும்தான் மாறின.

அறுவை சிகிச்சையிலும் கருத்து வேறுபாடு இருந்தது. ஜப்பானிய மருத்துவர்கள் இரைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் விரிவாக எடுத்துவிடுவார்கள். ஐரோப்பியர்கள் தயங்கினார்கள். நெதர்லாந்தில் செய்துபார்த்தபோது ஆரம்பத்தில் உயிரிழப்பு கூடியது. ஆனால், 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், விரிவாக எடுக்கப்பட்டவர்களில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவு என்று தெரிந்தது.

சரி, நாமும் ஆசியர்கள்தானே? இந்தியர்களில் ஏராளமானவர்களுக்கு அந்தக் கிருமி உண்டு. ஆனால், நோய் ஜப்பான் அளவுக்கு இல்லை. மிசோரம் விதிவிலக்கு. சென்னை ஆண்களிடமும் இது முன்வரிசையில் உள்ள புற்றுநோய்களில் ஒன்று. நம் நாட்டில் இதற்கென்று தேசிய அளவில் பரிசோதனைத் திட்டம் இல்லை. ஆகவே, காரணமில்லாமல் எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, மலம் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமப்படுவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல், வயிறு-குடல் மருத்துவரிடம் காட்டி, எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.