பால்வெட்டும் ஆறாம் படிவ உயிரியலும்

எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு ரஹாங் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். பிள்ளை ஆறாம் படிவம் போகலாமா, போனால் உயிரியல் எடுக்கலாமா என்று. யாரைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "உயிரியல்தானே, மனப்பாடம் பண்ணினா போதும்." கணக்குக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு இதைக் கேட்டதும் நிம்மதி. மனப்பாடம் என்றாலே ஓடுகிற பிள்ளை ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டு பேருமே தவறான செய்தியை நம்பி முடிவெடுக்கிறார்கள். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பரீட்சையின் அமைப்பு. 1982 முதல் மலேசியத் தேர்வு மன்றம் நடத்திவரும் எஸ்.டி.பி.எம்., இப்போது மூன்று பருவங்களாக நடக்கிறது. உயிரியலில் முதல் பருவம் உயிர் மூலக்கூறுகள், செல், சவ்வு, நொதி, சுவாசம், ஒளிச்சேர்க்கை. இரண்டாவது, உடல் எப்படி இயங்குகிறது என்பது. மனித உடலும் செடியும் இதில் சேர்த்தி. மூன்றாவது சூழலியலும் மரபியலும். ஒவ்வொரு பருவத் தாளுக்கும் 60 மதிப்பெண். அதில் 15 தெரிவு வினாக்களுக்கு, 15 குறு வினாக்களுக்கு. மீதி 30 மதிப்பெண்ணும் கட்டுரை வினாக்களுக்கு. மூன்றில் இரண்டை எழுத வேண்டும். ஆக, பாதி மதிப்பெண் கட்டுரையில் இருக்கிறது. அங்கே 'என்ன' என்று கேட்பது குறைவு, 'ஏன்', 'எப்படி' என்று கேட்பதே அதிகம். இதுபோக மொத்தத்தில் 20 விழுக்காடு செய்முறைக்கு.

அந்த 'ஏன்' எப்படிப்பட்டது என்று பார்க்க நாம் ஆய்வுக்கூடம் தேடிப் போக வேண்டாம். ரஹாங், ராசா, செனவாங் பக்கம் இன்று தாமான் வீடுகளில் இருக்கிற பல குடும்பங்கள் தோட்டத்திலிருந்து வந்தவைதாம். பாட்டியோ தாத்தாவோ பால் மரம் வெட்டியிருப்பார்கள். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், இருட்டோடு நிரையில் இறங்கியது ஏன் என்று அவர்களைக் கேளுங்கள். "வெயில் ஏறினா பால் வராது" என்பார்கள். வெயில் பட்டால் பால் சீக்கிரம் உறைந்துவிடும் என்று காரணமும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முக்கியமான காரணம் பால் பிடிக்கிற மங்கில் இல்லை, மரப்பட்டைக்குள்ளே இருக்கிறது.

பால் என்பது மரத்தின் ரத்தம் என்றோ, வேர் உறிஞ்சிய சாறு என்றோ நாம் நினைத்துக்கொள்கிறோம். வேர் உறிஞ்சிய தண்ணீர் கட்டைக்குள்ளே சைலம் என்ற குழாய் வழியாக மேலே போகிறது. இலை சமைத்த சர்க்கரை பட்டையில் இருக்கும் புளோயம் வழியாகப் போகிறது. பால் இரண்டிலும் சேராது. பட்டைக்குள், புளோயத்தை ஒட்டி, வளையம் வளையமாகப் பால்குழாய்கள் இருக்கின்றன. வரிசையாக நின்ற செல்கள் தங்களுக்கு நடுவிலிருந்த சுவரைக் கரைத்துக்கொண்டு ஒரே குழாயாக ஆனவை அவை. உள்ளே இருக்கும் பால், அந்தச் செல்களின் சைட்டோபிளாசமே. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். வெட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் உயிருள்ள செல்லைத் திறந்து அதன் உள்ளிருப்பை வடித்தெடுக்கிறார். அடுத்த வெட்டுக்குள் அந்தச் செல் அதை மறுபடி உருவாக்கிக்கொள்கிறது. செல் அமைப்பு என்று முதல் பருவத்தில் படிக்கிற பாடம் இங்கே கண்ணுக்கு முன்னால் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

சரி, திறந்தால் ஏன் பீறிட்டு வர வேண்டும்? அழுத்தம் இருப்பதால். தண்ணீர் புகுந்து உப்பிய செல் தன் சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்கும், காற்றடித்த டயர் போல. இதை விறைப்பழுத்தம் என்கிறோம். காரின் டயரில் காற்றழுத்தம் இரண்டு வளிமண்டலத்தைச் சற்றுத் தாண்டும். விடியற்காலையில் ரப்பர் மரத்தின் பால்குழாயில் அது பத்து வளிமண்டலம் அளவுக்கு இருக்கும்.

இப்போது ஆறாம் படிவத்துப் பிள்ளைகளை மிரட்டுகிற சொல்லுக்கு வருவோம்: நீரியல் திறன். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் எண் அது, அவ்வளவுதான். தூய தண்ணீருக்கு அது பூச்சியம். சர்க்கரை, உப்பு எதைக் கரைத்தாலும் எண் கழித்தலில் இறங்கும். அழுத்தம் கொடுத்தால் கூட்டலில் ஏறும். இரண்டையும் கூட்டினால் வருவதே நீரியல் திறன். எண் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் போகும். எஸ்.பி.எம். மட்டத்தில் சவ்வூடு பரவலைப் படிக்கும்போது கரைசலின் அடர்த்தியை மட்டும் பார்த்துத் திசையைச் சொல்லிவிட்டோம். இங்கே அழுத்தமும் கணக்கில் சேர்கிறது. பழைய வரியையே மனப்பாடமாக எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளை இங்கேதான் தடுமாறுகிறது.

முழு எண்ணாக வைத்துப் பார்ப்போம். பால்குழாயில் கரைந்திருக்கும் பொருள்களால் கழித்தல் பத்து. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கின்றன. வேர் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது, மரம் நிரம்புகிறது, அழுத்தம் கூட்டல் பத்து வரை ஏறுகிறது. கூட்டினால் பூச்சியம். உள்ளே இதற்கு மேல் தண்ணீர் போகாது. மரம் முழு விறைப்பில் நிற்கிறது. வெட்டுக்கு இதுதான் நேரம்.

வெயில் ஏறுகிறது. இலைத்துளைகள் திறந்து நீராவிப்போக்கு நடக்கிறது. மேலே இலை இழுக்க இழுக்க, சைலத்தில் இருக்கும் தண்ணீர் இழுவிசையில் நிற்கிறது. அங்கே எண் கழித்தலில் இறங்கிவிட்டது. உடனே பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் அந்தப் பக்கம் நகர்கிறது, பால்குழாயிலிருந்தும்தான். விறைப்பு குறைகிறது. பத்து மணிக்கு வெட்டினாலும் அதே மரம், அதே உளி, அதே கை. உள்ளே தள்ளுகிற சக்திதான் இல்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் விளக்கும். வெட்டிய உடன் வரும் பால் கெட்டியாக இருக்கும், சற்று நேரத்தில் நீர்த்துவிடும். ஏன்? வெட்டிய இடத்தில் அழுத்தம் சட்டென்று போய்விட்டது. கூட்டல் பத்து போனால் மிஞ்சுவது கழித்தல் பத்து. சுற்றியுள்ள செல்களின் தண்ணீர் குழாய்க்குள் பாய்கிறது, பால் நீர்க்கிறது. பாட்டி கண்ணால் பார்த்த இரண்டு விஷயங்களையும் ஒரே ஒரு கூட்டல் கணக்கு விளக்கிவிட்டது. மழை நாளில் மரம் நல்ல விறைப்பில் இருந்தும் ஏன் வெட்டு இல்லை என்று கேட்பீர்கள். பட்டை நனைந்திருந்தால் பால் காடியை விட்டு மரமெல்லாம் வழிந்துவிடும். அதற்கும் நீரியல் திறனுக்கும் சம்பந்தமில்லை. படித்த ஒன்றை வைத்து எல்லாவற்றையும் விளக்கப் பார்ப்பது ஆறாம் படிவத்தில் வருகிற இன்னொரு நோய்.

ஒழுகல் பிறகு தானாக நிற்பதற்கும் காரணம் உண்டு. பாலில் லுட்டாய்டு என்று சிறு பைகள் மிதக்கின்றன. பால் விரைந்து ஓடும்போதும் நீர்க்கும்போதும் அவை வெடிக்கின்றன. உள்ளிருந்து வரும் புரதங்கள் ரப்பர்த் துகள்களை ஒட்டவைத்து, குழாயின் வாயை அடைத்துவிடுகின்றன. சில தோட்டங்களில் மரத்தில் ஒரு மருந்து பூசுவார்களே, எத்தெஃபோன், அது செடிக்குள் எத்திலீனாக மாறி இந்த அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. வாழைப்பழத்தைப் பழுக்க வைக்கிறதும் எத்திலீன்தான். செடி ஹார்மோன் பாடத்தில் இந்தப் பெயரைப் பார்க்கும்போது அது அந்நியமாகத் தெரியக் கூடாது.

இன்னும் ஒன்று. உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதில் கங்காணி ஏன் அவ்வளவு கறாராக இருந்தார்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்று மெல்லிய அடுக்கு. புதுப் பட்டையை உருவாக்குவது அதுதான். அதைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும். காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக வளராது, அடுத்த சுற்றுக்கு மரம் உதவாது. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் நிறுவிக் காட்டியது இதைத்தான்: மரத்தைக் கொல்லாமல், பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லச் சீவித் திறந்து பால் எடுக்கலாம். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவதற்கும் காரணம் இருக்கிறது. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக நில்லாமல் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன; இந்தச் சரிவில் வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடும். தண்டின் குறுக்குவெட்டுப் படத்தை வரையச் சொன்னால் பிள்ளைகள் முனகுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் மணிக்கட்டு அந்தப் படத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அறிந்திருந்தது.

மரபியலுக்குச் செம்பனைக் காட்டுக்குப் போவோம். பழத்தில் கொட்டையைச் சுற்றிய ஓடு தடித்திருந்தால் டுரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. அதன் பெண் பூ பெரும்பாலும் காய்க்காது. இரண்டையும் கலந்தால் பிறப்பது டெனெரா: மெல்லிய ஓடு, நிறைய சதை, அதனால் நிறைய எண்ணெய். இதை ஆட்டுவிப்பது ஒரே ஒரு மரபணு என்று 1941இல் பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் என்ற இருவர் காட்டினார்கள். அந்த மரபணு எது என்பதை 2013இல் மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கண்டறிந்தார்கள்.

இப்போது ஒரு சிறுதோட்டக்காரர். தன் டெனெரா மரங்கள் நன்றாகக் காய்க்கின்றன என்று அவற்றின் விதையையே முளைக்கப்போட்டு நடுகிறார். என்ன ஆகும்? மெண்டலின் கட்டத்தை வரைந்து பாருங்கள். டெனெரா என்பது கலப்பு. இரண்டு கலப்புகள் சேர்ந்தால் நாலில் ஒன்று டுரா, நாலில் இரண்டு டெனெரா, நாலில் ஒன்று பிசிஃபெரா. பாதி மரம்தான் தாயைப் போல. கால்வாசி பெரும்பாலும் காய்க்கவே காய்க்காது. அதுவும் நட்டு மூன்று வருடம் உரம் போட்ட பிறகுதான் தெரியவரும். ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்று தேர்வுக்காக உருப்போடுகிற விகிதம், இங்கே ஒரு குடும்பத்தின் வருமானம். அங்கீகாரம் பெற்ற நாற்றங்காலில் மட்டும் கன்று வாங்கு என்று சொல்வது இதற்காகத்தான்.

சூழலியலுக்கு ஒரு வண்டு போதும். 1981 வரை செம்பனைத் தோட்டங்களில் மகரந்தத்தை ஆட்களே கையால் தூவிக்கொண்டிருந்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரின் ஆய்வை வைத்து, அந்த வருடம் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு இனம் கொண்டுவந்து விடப்பட்டது. செம்பனையின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. அதன் துணையும் அங்கேதான் இருந்தது. மரத்தை மட்டும் கொண்டுவந்து துணையை விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அப்படியென்றால் மனப்பாடமே வேண்டாமா? வேண்டும். கிரெப்ஸ் சுழற்சியின் பெயர்களையும் உயிரின வகைப்பாட்டையும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் காரணச் சங்கிலி, பிறகு பெயர்கள். சங்கிலி இருந்தால் பெயர் மாட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். பெயரை மட்டும் சேர்த்து வைத்தால் இரண்டாம் பருவம் வரும்போது முதல் பருவம் மறந்திருக்கும். ஆனால் நீரியல் திறன் முதல் பருவத்தோடு முடிவதில்லை. செடியில் நீர் ஏறுவதிலும் சிறுநீரகத்திலும் மறுபடி வந்து நிற்கும்.

படிக்கிற முறையையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, 'அதனால்' என்ற சொல்லைப் போட்டுப் போட்டு அதை வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே 'அதனால்' வரவில்லையோ அங்கே உங்களுக்குப் புரியவில்லை. அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். பழைய வினாத்தாள்களையும், தேர்வு மன்றம் வெளியிடும் மாணவர் அடைவுநிலை அறிக்கைகளையும் முதல் மாதத்திலேயே பாருங்கள், கடைசி மாதத்தில் இல்லை. தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை வீட்டில் தமிழிலேயே காரணத்தைச் சொல்லிப் பழகலாம், தவறில்லை. காரணம் தெளிந்துவிட்டால் எந்த மொழியிலும் எழுதலாம். செய்முறை வகுப்பில் நண்பன் எடுத்த அளவைப் பார்த்து எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படிவம் தொடங்கக் காத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு வேலை தருகிறேன். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும். அந்தச் சமயத்தில் பால் குறையும். ஏன் என்று புத்தகத்தைத் திறக்காமல் நாலு வரி எழுதுங்கள். பழைய இலை போனதால் சர்க்கரை வரவு நின்றது என்பது முதல் வரியாக இருக்கட்டும். புதுத் தளிரும் இருக்கிற சர்க்கரைக்குப் போட்டிக்கு வருகிறது என்பதை நீங்களாகவே அடுத்த வரியில் எழுதியிருந்தால், தயங்காமல் உயிரியல் எடுங்கள்.