பந்துவீச்சு இயந்திரத்தில் வேகத்தை மாற்றுவது எப்படி? மெதுவான பந்துக்குப் பின்னால் உள்ள இயற்பியலும் பாதுகாப்பும்

மும்பை: 2018 டிசம்பரில் மெல்பர்னில் நடைபெற்ற டெஸ்ட் போட்டியில், உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தை ஜஸ்பிரித் பும்ரா வேகத்தை வெகுவாகக் குறைத்து வீசினார். ஆஸ்திரேலியாவின் ஷான் மார்ஷ் காலில் வாங்கி ஆட்டமிழந்தார். மெதுவாக வீசலாம் என்ற யோசனையைக் கூறியவர் மும்பை வீரர் ரோஹித் சர்மா.

இத்தகைய பந்தை எதிர்கொள்ளப் பழக வேண்டுமெனில், பயிற்சியிலும் வேகம் மாறிமாறி வர வேண்டும். ஆனால் வலைப்பயிற்சிக் கூடங்களில் உள்ள சாதாரணப் பந்துவீச்சு இயந்திரம், திருகியை யாரேனும் திருப்பும் வரை ஒரே வேகத்தில்தான் வீசும். பத்துப் பந்துகளுக்குள் மட்டையாளரின் உடல் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது. பதினோராவது பந்து அவருக்குப் புதிதாக எதையும் கற்பிப்பதில்லை.

நூறாண்டுக்கும் மேலான முயற்சி

கணிதப் பாடநூல்களில் இடம்பெறும் வென் படங்களை உருவாக்கிய ஜான் வென், தம் மகனுடன் சேர்ந்து பந்துவீசும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். 1909இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த ஆஸ்திரேலிய அணியின் முன்னணி வீரர் ஒருவரை அந்த இயந்திரம் நான்கு முறை போல்டாக்கியது. 2005 ஆஷஸ் தொடருக்கு முன், ஷேன் வார்னின் சுழலைச் சமாளிக்க இங்கிலாந்து வீரர்கள் ‘மெர்லின்’ என்ற சுழற்பந்து இயந்திரத்துடன் பயிற்சி பெற்றனர். எதிராளி வீசப்போகும் பந்தை முன்கூட்டியே பழகிப் பார்ப்பதே இரண்டின் நோக்கமும்.

இயங்கும் முறை

இன்று பரவலாக உள்ள இயந்திரங்களில் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு ரப்பர் சக்கரங்கள் இருக்கும். அவற்றின் இடைவெளி பந்தின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைவு. உள்ளே நுழையும் பந்தைச் சக்கரங்கள் நசுக்கிப் பிடித்து முன்னோக்கி எறிகின்றன. பந்தின் வேகம், இரு சக்கரங்களின் விளிம்பு வேகங்களின் சராசரிக்கு ஏறக்குறையச் சமம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பந்துக்குச் சுழற்சியைத் தருகிறது.

எடுத்துக்காட்டாக, 30 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு முறை சுழன்றால் அதன் விளிம்பு சுமார் 94 செ.மீ. நகரும். மணிக்கு 130 கி.மீ. வேகத்துக்கு அச்சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,300 முறை சுழல வேண்டும், 110 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 1,950 முறை போதும். அதாவது, சுமார் 350 சுழற்சிகளைக் குறைத்தால் 20 கி.மீ. வேகம் குறைகிறது.

மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் எளிய வழி, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துவது. மின்சாரம் பாயும் நேரத்தின் விகிதத்தை மாற்றினால் வேகம் மாறும். இதற்கான கட்டுப்பாட்டுப் பலகைகள், வேக உணரிகள், சிறு கணிப்பொறிச் சில்லுகள் ஆகியவை மும்பையின் லேமிங்டன் சாலைக் கடைகளில் கிடைக்கக்கூடியவையே.

மூன்று சிக்கல்கள்

முதலாவது, சக்கரத்தின் நிலைமம். மின்சாரத்தைக் குறைத்தவுடன் கனமான சக்கரம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. தானாகத் தணிய நேரம் பிடிக்கும். ஆகவே பந்துக்குப் பந்து வேகத்தை மாற்ற, மோட்டாரையே மின்முறையில் தடையாகச் செயல்படச் செய்யும் சுற்று தேவை. அது இல்லையெனில் பந்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும்.

இரண்டாவது, வேகம் தானாகவே மாறுவது. சுமார் 160 கிராம் எடையுள்ள பந்து 130 கி.மீ. வேகத்தில் வெளியேறும்போது சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 100 ஜூல் ஆற்றலை எடுத்துச் செல்கிறது. சக்கரம் மீண்டும் வேகம் பெறும் முன் அடுத்த பந்து நுழைந்தால் அது மெதுவாகவே செல்லும். பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தாலும் இதே நிலைதான். மும்பையின் மழைக்காலத்தில் ஈரமான பந்து சக்கரத்தில் வழுக்கும். எனவே சுழற்சியை உணரி மூலம் தொடர்ந்து அளந்து திருத்தும் ஏற்பாடு அவசியமாகிறது.

மூன்றாவது சிக்கலே பலரும் கவனிக்கத் தவறுவது. வேகத்தை மட்டும் குறைத்தால் பந்து விழும் இடமும் மாறிவிடும். 2.2 மீட்டர் உயரத்திலிருந்து 130 கி.மீ. வேகத்தில் வீசப்பட்டு 12 மீட்டர் தொலைவில் விழும் பந்தை எடுத்துக்கொள்வோம். சாய்வை மாற்றாமல் வேகத்தை 110 கி.மீ.ஆகக் குறைத்தால், காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், அது சுமார் 80 செ.மீ. முன்னதாகவே தரையில் விழும். மட்டையாளர் வேகத்தைக் கணிக்காமல் ‘அளவு குறைந்தால் மெதுவான பந்து’ என்று கற்றுக்கொள்வார். ஆட்டத்தில் இந்தப் பாடம் அவரை ஏமாற்றும். ஆகவே வேகத்துடன் வீசும் கோணமும் சேர்ந்து மாற வேண்டும்.

கையைப் பார்க்க முடியாத குறை

இரு கோடுகளுக்கு இடையிலான 17.68 மீட்டரைக் கடக்க, 130 கி.மீ. வேகப் பந்துக்குச் சுமார் 0.49 நொடி ஆகும், 110 கி.மீ. பந்துக்குச் சுமார் 0.58 நொடி. இந்த 0.09 நொடி வேறுபாடே மட்டையை முன்கூட்டி வீச வைக்கிறது.

தேர்ந்த மட்டையாளர்கள் பந்துவீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றிலிருந்து குறிப்புகளைப் பெறுகின்றனர். இயந்திரத்தில் அவை இல்லை. இயந்திரத்தை எதிர்கொள்ளும்போது காலசைவின் நேரம் மாறுவதை விளையாட்டு அறிவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே வேகமாற்றம் செய்யப்பட்ட இயந்திரமும் மனிதப் பந்துவீச்சுக்குத் துணையே, மாற்று அல்ல.

பாதுகாப்பே முதன்மை

தாராவி போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளின் சிறுவர்களுக்கு முழு அளவு ஆடுகளம் கிடைப்பது அரிது. மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் மைதானங்கள் இருந்தாலும் மழைக்காலத்தில் வெளிப்பயிற்சி தடைபடும். குறைந்த செலவில் இயந்திரத்தைத் தாமே மாற்றியமைக்கும் ஆர்வம் இதனால் எழுவது இயல்பே. ஆனால் எதிர்பாராத வேகத்தில் வரும் பந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2025 அக்டோபரில் மெல்பர்னில் வலைப்பயிற்சியின்போது, கைப்பிடிக் கருவியால் எறியப்பட்ட பந்து கழுத்தில் பட்டு 17 வயது வீரர் ஒருவர் உயிரிழந்தார். தலைக்கவசம் அணிந்திருந்த அவர், கழுத்துக் காப்பு அணிந்திருக்கவில்லை.

ஆகவே மாற்றியமைக்கப்படும் இயந்திரத்தில், வீரரின் வயதுக்கேற்ற உச்ச வேக வரம்பை மீற முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். சக்கரங்கள் குறித்த வேகத்தை எட்டும் வரை பந்து உள்ளே நுழையாதபடி தடுப்பு இருக்க வேண்டும். பந்து வரப்போவதை விளக்கு அறிவிக்க வேண்டும். எந்த வேகம் என்பதை மட்டுமே அது மறைக்கலாம். சக்கரங்களுக்கு மூடியும் உடனடி நிறுத்துப் பொத்தானும் கட்டாயம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும், மட்டையாளர் எவரையும் நிறுத்தாமல் காலியான வலைக்குள் சில ஓவர்கள் வீசி வேகத்தையும் பந்து விழும் இடத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அவை குறித்த அளவில் நிலைத்த பின்னரே, தலைக்கவசமும் கழுத்துக் காப்பும் அணிந்த வீரரை இயந்திரத்தின் எதிரே நிறுத்தலாம்.