விசுவாசமும் கிரியையும்

கிறிஸ்தவ வேதத்தின் புதிய ஏற்பாட்டிலுள்ள 27 நூல்களுள் யாக்கோபு நிருபம் சிறியதொன்று. 5 அதிகாரங்களும் 108 வசனங்களுமே கொண்டது. இயேசுவின் பெயர் இதில் இரண்டே இடங்களில் வருகின்றது. ஆயினும், விசுவாசம் நடத்தையில் எங்ஙனம் விளங்கவேண்டும் என்பதை இத்துணைக் கண்டிப்புடன் பேசும் நூல்கள் சிலவே.

இதனை இயற்றியவர் இயேசுவின் சகோதரரும் எருசலேம் திருச்சபையின் தலைவருமாகிய யாக்கோபு என்பது மரபு. ஆராய்ச்சியாளருள் இதனை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அந்த யாக்கோபு கி.பி. 62ஆம் ஆண்டளவில் எருசலேமில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் குறித்துள்ளார்.

நிருபம் காட்டும் சான்றுகள் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. சபைக்குப் பொன் மோதிரம் அணிந்த செல்வனும் கந்தையுடுத்த ஏழையும் வருகின்றனர். செல்வனுக்கு நல்ல இருக்கையளித்து ஏழையைக் காலடியில் அமரச் சொல்வது, பிறனை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளையை மீறுவதாகும். உடையும் உணவுமின்றி வாடுவோரை வாழ்த்தி, வெறுங்கையுடன் அனுப்புவதால் பயனில்லை. செயலற்ற விசுவாசமும் அத்தகையதே; அது உயிரற்றது. கடவுள் ஒருவரே என்று பேய்களும் நம்பி நடுங்குகின்றன என்று கூறி, அறிவால் ஒப்புக்கொள்வது மட்டும் போதாது என்பதை ஆசிரியர் உணர்த்துகின்றார்.

இக்கருத்து பெரும் சர்ச்சைக்கு இடமளித்தது. மனிதன் கிரியைகளாலன்றி விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்பது பவுலின் போதனை. அதனைத் தம் சீர்திருத்தத்திற்கு அடிப்படையாகக் கொண்ட மார்ட்டின் லூதர், 1522ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இந்நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார்.

எனினும், முரண்பாடு தோற்ற அளவில் இருப்பதுபோல் ஆழத்தில் இல்லை என்பர் அறிஞர் பலர். பவுல் மறுத்த கிரியைகள், விருத்தசேதனம் முதலாகச் சபையிற் சேர்ந்த பிற இனத்தார்மீது சுமத்தப்பட்ட நியாயப்பிரமாணச் சடங்குகள். யாக்கோபு வலியுறுத்தியவை, பிறர்க்குச் செய்யும் இரக்கச் செயல்கள். இருவரும் ஆபிரகாமையே சான்று காட்டுகின்றனர். பவுல், அவர் கடவுளின் வாக்கை நம்பிய தொடக்கத்தை எடுத்துக்கொள்கிறார். யாக்கோபு, பல்லாண்டு கழித்து அவர் மகனைப் பலியிடத் துணிந்த சோதனையை எடுத்துக்கொள்கிறார். அன்பினால் செயற்படும் விசுவாசமே பயனுடையது என்று கலாத்தியருக்கு எழுதியவரும் பவுலே. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையும், மீட்பு கடவுளின் அருளால் வருவது, நற்செயல்கள் அதன் கனிகள் என்று உரைத்தது.

அக்கனி எங்கே காணப்பட வேண்டும்? நிருபத்தின் இறுதி அதிகாரம் இதற்கு விடை தருகின்றது. வயலை அறுத்த கூலியாட்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே நிலக்கிழாருக்கு எதிராகக் கூக்குரலிடுகின்றது. அறுத்தவர்களின் ஓலம் கடவுளின் செவிக்கு எட்டியிருக்கின்றது. அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் பழைய சட்டம். ஏழை அதனையே நம்பியிருக்கிறான் என்பது அச்சட்டம் கூறும் காரணம். ஆகவே, யாக்கோபின் நோக்கில், வழிபாட்டில் வாயால் அறிக்கையிட்ட விசுவாசம் கூலி கொடுக்கும் நேரத்தில் சோதிக்கப்படுகின்றது.